பதினேழாம் பாடம்: அபராதமும் தண்டனையும்

எங்கள் காசிமேட்டுக் குப்பத்தில் பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் தையிலும் மாசியிலும்தான் வரும். இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. சித்திரை பிறந்ததும் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். அறுபத்தொரு நாள் விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகக் கூடாது. ஆம்பிளைகள் எல்லாம் வீட்டில் இருப்பார்கள். மிச்சத்தை நீங்களே விரல் மடக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் மட்டும் ஆறு தடைக்காலமாக ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் திலீப் ஸ்பெயின் தேசத்தில் இருந்தார். எழுதும்போதுதான் இந்த 'இருந்தார்' எல்லாம். நேரில் நான் யோவ் என்றுதான் கூப்பிடுவேன். அவரும் ஏன் என்று கேட்டதில்லை.

கப்பல் வேலை என்று சொல்லி ஒரு ஏஜெண்ட் அனுப்பிவைத்தான். ஏறின கப்பல் ஸ்பெயினின் வடக்குக் கரையில் ஒரு துறைமுகத்தில் கயிறு கட்டியதோடு சரி, முதலாளி தலைமறைவாகிவிட்டான். கூடப் போனவர்கள் ஊர் திரும்பினார்கள். இவர் வெறுங்கையோடு எப்படி வருவது என்று அங்கேயே இறங்கி நின்றுவிட்டார். படகுத்துறையில் வலை பின்னுவது, பெட்டி தூக்குவது, ஒரு ஓட்டலில் மீன் ஆய்வது என்று பிழைப்பு ஓடியது. அங்கே தங்குவதற்கான காகிதம் மட்டும் கையில் கிடையாது. போலீஸ்காரன் தொப்பியைக் கண்டால் அடுத்த தெருவில் திரும்பிவிட வேண்டும். மூன்று வருடம் தாக்குப்பிடித்து, ஒரு முதலாளி வேலை ஒப்பந்தமும் எழுதிக் கொடுத்தால், அரசாங்கம் கார்டு கொடுக்குமாம். மூன்று வருடம் தானாக ஓடிவிட்டது. எழுதிக் கொடுக்கிற முதலாளிதான் அமையவில்லை. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே ஆறு வருடம் போய்விட்டது.

கல்யாணமாகி நான்காம் வருடம் போனவர். அதுவரைக்கும் எனக்கு வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவர் போன பிறகும் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னும் விசேசம் ஒண்ணும் இல்லியாமே?" என்று ஒருத்தி கேட்டாள். "வாட்ஸ்அப்புல வந்தா சொல்லி அனுப்பறேங்கா" என்றேன். அதற்கப்புறம் அவள் என்னிடம் மீன் வாங்குவதில்லை. போகட்டும். ஆனால் அன்று வீட்டுக்கு வந்து, கழுவின கூடையையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். எனக்கு முப்பத்தேழு முடிந்திருந்தது. ஆஸ்பத்திரி அம்மா நாள் போகப் போகக் கஷ்டம் என்று நேராகவே சொல்லியிருந்தாள்.

கார்டு வந்தால் இரண்டு வருடத்தில் உன்னையும் இங்கே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவர் ஒருநாள் போனில் சொன்னார். மறுநாளே நான் ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்துவிட்டேன். பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் கோட்டை விட்டவளுக்கு இந்த வேலை எதற்கு என்று கேட்காதீர்கள். ஆசைக்கு மார்க் ஷீட் தேவையில்லை. யூடியூபில் ஒரு பெண் தமிழிலேயே சொல்லிக்கொடுக்கிறாள். பயணிகளுக்கான ஸ்பானிஷ், மொத்தம் இருபத்துநாலு பாடம். விமான நிலையம், ஓட்டல், சாப்பாடு, கடைத்தெரு என்று வரிசையாகப் போகும். பதினேழாவது பாடம் அபராதமும் தண்டனையும்.

நான் முதல் பாடத்தை முடித்ததும் நேராகப் பதினேழுக்குத் தாவினேன். புது ஊரில் வணக்கம் சொல்லத் தெரியாவிட்டால் யாரும் அடிக்கப் போவதில்லை. எதற்குத் தண்டம் போடுவார்கள் என்று தெரியாவிட்டால்தான் ஆபத்து. மீன் கூடையோடு தெரியாத்தனமாக ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டியில் ஏறி, திருவொற்றியூர் ஸ்டேஷனில் மாட்டி, நாலு பேர் பார்க்க நின்றவள் நான். அனுபவத்தில் சொல்கிறேன்.

ராயபுரம் மார்க்கெட்டில் எனக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடை போட்டிருப்பவர் காத்தூன் பீவி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வியாபாரம் ஓய்ந்த நேரத்தில் என் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார்.

"மூல்த்தா?"

"அபராதம்."

"ப்ளாசோ?"

"கெடு. இத்தினி நாளுக்குள்ள கட்டணும்னு சொல்றாங்களே, அது."

"சன்சியோன்?"

"தண்டனை."

"ஏண்டி, நீ புருசனப் பாக்கப் போறியா, ஜெயிலுக்குப் போறியா? ஆசையா நாலு வார்த்த கத்துக்கினா ஆவாதா?"

"அதுக்கெல்லாம் பாஷ எதுக்கு பீவி? அது தானா நடக்கும்" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

வாயாடிவிட்டேனே தவிர, உண்மை வேறு. அந்தப் பதினேழாம் பாடத்தில்தான் என் வீட்டுக்காரர் குடியிருந்தார். ஓட்டல் பாடத்திலும் கடைத்தெருப் பாடத்திலும் அவர் இல்லை. தெருவில் அவரை நிறுத்தினால் என்ன கேட்பார்கள், எந்தக் காகிதத்தை நீட்டுவார்கள், அதில் என்ன எழுதியிருக்கும் என்பதெல்லாம் அந்த ஒரு பாடத்தில் இருந்தது. அதைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது அவர் பக்கத்தில் நானும் நடந்துபோவது போல இருக்கும். எக்ஸ்புல்சியோன் என்றால் நாட்டைவிட்டு அனுப்புவது. அலெகாசியோனெஸ் என்றால் நாம் எழுதிக் கொடுக்கிற ஆட்சேபணை. கெடுவுக்குள் ஆட்சேபணை கொடுத்தால் சில பேரை அனுப்பாமல் மூல்த்தாவோடு விட்டுவிடுவதும் உண்டு என்று அந்தப் பெண் சொன்னாள். அந்த இடத்தை நான் நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு வைத்தேன்.

எங்கள் ஊர்த் தண்டம் இப்படிக் கிடையாது. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எடுக்கிறவரை ஒருவரும் கடலுக்குப் போகக் கூடாது. கடலில் இருப்பவர்களும் சேதி கிடைத்ததும் திரும்பிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் ஒருமுறை, வலையில் சங்கரா மீன் குவிந்து கிடக்கிற நேரத்தில், திலீப் படகுக்குச் சேதி போயிற்று. இவர்கள் திரும்பவில்லை. மறுநாள் கோயிலடியில் ஊர் கூடியது. அதே போலத் திரும்பாத இன்னொரு படகுக்காரர்கள் போனில் சார்ஜ் இல்லை, காற்று சரியில்லை என்று கதை அளந்தார்கள். இவர் யாரும் கேட்பதற்கு முன்னாலேயே தோள் துண்டைத் தரையில் விரித்தார். "தப்பு எங்களுதுதான். ஊரு இன்னா போட்டாலும் கட்டிக்கறோம்" என்றார். ஒத்துக்கொண்டவருக்குத் தண்டம் பாதி. எதிர்த்துப் பேசியவர்களுக்கு இரட்டிப்பு. கட்டிவிட்டால் அதோடு தீர்ந்தது, அந்தப் பேச்சை மறுபடி எடுத்தால் எடுத்தவனுக்குத் தண்டம். அன்று சாயங்காலமே ஊர்த் தலைவர் இவர் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடித்தார்.

இந்த வருடத் தடைக்காலம் மூன்றாவது வாரம். மத்தியானம் இரண்டு மணி. எப்போதும் அந்த நேரத்தில்தான் அவருடைய போன் வரும், அங்கே அப்போது காலை. நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். தெருவெல்லாம் ஆம்பிளைகள். ஒருவன் பிள்ளைக்குத் தலை துவட்டுகிறான். நாலு பேர் சீட்டாடுகிறார்கள். எதிர்வீட்டுக்காரன் பெண்டாட்டிக்கு லாரித் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு, அவள் திட்டுவதைச் சிரித்துக்கொண்டே கேட்கிறான். திட்டுவதற்காவது எனக்கு ஒரு ஆள் வீட்டில் இருக்கக் கூடாதா என்று இருந்தது. இந்த வருடம் அந்த ஏக்கம் எனக்குப் பல்வலி மாதிரி, எதைத் தின்றாலும் அதிலேயே பட்டது.

போன் வந்தது.

"ஏம்மே, மாட்டிகினேன்" என்றார்.

முந்தின நாள் பஸ் நிறுத்தத்தில் நின்றவரைக் காகிதம் கேட்டிருக்கிறார்கள். ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய், ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

"அடிச்சாங்களாய்யா?"

"சேச்சே. தண்ணி குடுத்தாங்க. லெட்டர போட்டோ எடுத்து அனுப்பறேன், பாரு. பேசற பாஷ எனக்கு வரும். ஆபீஸ் எழுத்து ஒண்ணும் புரியல. நீதான் அந்தப் பாடத்தக் கரைச்சிக் குடிச்சிகினு கீறியே."

படம் வந்தது. மூன்று பக்கம். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். புரியாத இடங்களைப் போனையே தமிழாக்கித் தரச் சொல்லிச் சரிபார்த்தேன். முன்பின் தெரியாத ஒரு தேசத்தின் கடிதம், என் பாடத்திலிருந்து பிடுங்கி எழுதியது மாதிரி இருந்தது. காகிதம் இல்லாமல் தங்கியது குற்றம். அதற்கு எக்ஸ்புல்சியோன். மூன்று வருடம் திரும்ப நுழையக் கூடாது. ஆட்சேபணை கொடுக்க ப்ளாசோ வெள்ளிக்கிழமை வரை.

அதற்கு முந்தின வாரம்தான் ஓட்டல் முதலாளி ஒப்பந்தம் எழுதித் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தான். ஆட்சேபணை கொடுத்து, மூல்த்தாவோடு தப்பி, ஒப்பந்தமும் கைக்கு வந்துவிட்டால் கார்டு நிச்சயம். கார்டு வந்து இரண்டு வருடத்தில் நான் அங்கே போகலாம். எல்லாம் சரியாக நடந்தால் எனக்கு அப்போது நாற்பது வயது. சரியாக நடக்காவிட்டால் எத்தனை என்று யாருக்குத் தெரியும்?

வெளியே எதிர்வீட்டுக்காரி இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள்.

நான் திரும்பக் கூப்பிட்டேன்.

"இன்னா போட்டுக்கீது?" என்று கேட்டார்.

"தண்டம் போட்டுக்கீறாங்க."

"எதுனா எழுதிக் குடுக்கணுமா?"

பொய் சொல்ல எனக்கு ஒரு மூச்சு விடுகிற நேரம்தான் ஆனது. "ஒண்ணும் எழுதாத. எதுத்துப் பேசினா ரெட்டிப்பாப் போட்ருவாங்க. நம்ம ஊர்ல இன்னா பண்ணே? துண்ட விரிச்சி மொத ஆளா ஒத்துகினே இல்ல? அதே மாரி கம்னு ஒத்துகினு கையெழுத்துப் போடு. அத்தோட முடிஞ்சிரும்."

அந்தப் பக்கம் தூரத்தில் கடற்காக்கைகள் கத்துவது கேட்டது.

"நீ சொல்றியா?" என்றார்.

"நான்தான்யா சொல்றேன்."

"சரி."

அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளி வரைக்கும் எனக்கு மூன்று முழு நாள் இருந்தது. ஒரே ஒரு போன் போட்டு, தப்பாகப் படித்துவிட்டேன், எழுதிக் கொடு என்று சொன்னால் போதும். புதன்கிழமை போனைக் கையில் எடுத்துக் கீழே வைத்தேன். வியாழக்கிழமை மார்க்கெட்டில் மீனை நிறுக்காமலே கொடுத்து காத்தூன் பீவியிடம் வசவு வாங்கினேன். வெள்ளிக்கிழமை போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டு மூடினேன். என் மேல் வருகிற கோபத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் பாத்திரங்களைப் போட்டு உடைத்தேன்.

ஆடி மாதம் அவர் வந்தார். ஏர்போர்ட்டில் ஒரே ஒரு பையோடு வெளியே வந்தவரை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்நெற்றி ஏறியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. நாலு பேர் பார்க்க என் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ நிற்கிற இடம்வரை விடவேயில்லை. இவ்வளவு மெலிந்து போனாயே என்று திட்ட வாயெடுத்தவள், அவர் பையைப் பிடுங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

நான் கடிதத்தைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொன்னதும் ஊருக்கு நல்ல தீனி கிடைத்தது. "வெளிநாட்டு போலீஸ நம்ம பஞ்சாயத்துன்னு நெனச்சிகினா பாரேன், துண்ட விரிக்கச் சொல்லிக்கீறா" என்று குப்பமே சிரித்தது. காசிமேட்டுக்காரிக்குத்தான் இப்படி ஒரு தப்பு செய்ய வரும் என்றார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தப்பு எனக்கு நல்ல போர்வையாக இருந்தது. யாராவது அவரிடம் நேரிலேயே கேட்டால், "பொண்டாட்டி பேச்சக் கேட்டேன், பிளேன்ல இலவசமா வந்தேன்" என்று அவரும் சிரிப்பார். ஒருநாளும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. துறைமுகத்தில் வலை பின்னுகிற வேலைக்குப் போனார். நான் மார்க்கெட் முடித்து வரும்போது தெருமுனையில் நின்று கூடையை வாங்கிக்கொள்வார். ஆறு வருடமாக எதற்கு ஏங்கினேனோ அது நேரில் வந்து என் கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறது. எனக்கோ ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. திருட்டு நகையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்ப்பது மாதிரி இருந்தது.

ஆவணியில் ஒரு மத்தியானம். வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒரு கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். போன் அடித்தது. ஸ்பெயினில் அவரோடு ஒரே அறையில் இருந்த தூத்துக்குடிக்காரர் அனுப்பிய படம். அந்த ஓட்டல் முதலாளி இவருக்குப் பதிலாக அவருக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டானாம். கையில் புது கார்டைப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தார் அந்த மனிதர்.

"பாருமே, அந்தோணிக்குக் கார்டு வந்துட்ச்சு" என்று சந்தோஷமாக என்னிடம் காட்டினார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. அவர் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

"யோவ், அந்த லெட்டர நான் தப்பாப் படிக்கல."

அவர் ஊசியை நிறுத்தவில்லை.

"எல்லாம் எனக்குப் புரிஞ்சிது. அனுப்பப் போறாங்கன்னு போட்டிருந்துச்சு. எழுதிக் குடுத்திருந்தா மூல்த்தாவோட விட்டிருக்கலாம். அது உன்னோட கார்டுய்யா. தெரிஞ்சேதான் ஒத்துக்கோன்னு சொன்னேன். உன்ன டபாய்ச்சிட்டேன்."

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"ஆறு வருசம் அந்த ஊர்ல இருந்துக்கீறேன். எக்ஸ்புல்சியோன்னு அந்த ஒரு வார்த்த எனக்குத் தெரியாதா? காலைல செருப்பு மாட்டும்போதே அதுக்குப் பயந்துகினுதான் மாட்டுவேன். ஸ்டேஷன்லயே ஒரு வக்கீலம்மாவ ஒக்கார வெச்சாங்க. அது வரி வரியா எடுத்துச் சொல்லிச்சு. ஆட்சேபண கூட எழுதி வெச்சிகினு, கையெழுத்துப் போடுன்னு என் பின்னாலயே நின்னுகினு இருந்துச்சு."

"அப்பால எதுக்குய்யா எனக்கு அனுப்பினே?"

அவர் ஒரு முடிச்சைப் போட்டு இழுத்தார். "நீ இன்னா சொல்றேன்னு பாக்கத்தான். எழுதிக் குடுன்னு சொல்லியிருந்தியானா குடுத்திருப்பேன். இன்னும் எத்தினி வருசமானாலும் இருந்திருப்பேன். நீ ஒத்துக்கோன்னே. அன்னிக்கே பையில துணிய அடுக்கிட்டேன். வாய்யான்னு நீதான் கூப்பிடுறேன்னு தெரிஞ்சிகினேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கையில் கிடைத்த துண்டால் அவர் முதுகில் இரண்டு போட்டேன். "இத்தினி மாசமா நான் குத்தவாளி மாரி சோறு எறங்காம சுத்திகினு கீறேன், நீ கம்னு வலை பின்னிகினு கீறியா? வூட்டுக்கு வரணும்னா வரேன்னு சொல்ல மாட்டியா? ஆம்பள தானே நீ?"

"எப்டி சொல்றது? வரேன்னு சொன்னா, கையாலாவாம ஓடியாந்துட்டான்னு நீ நெனச்சிட்டா?"

கையிலிருந்த துண்டைக் கீழே போட்டேன். ஆறு வருடமும் நானும் அதே கணக்கைத்தான் போட்டிருந்தேன். வா என்று நான் சொல்லி, அதனால் அவர் பிழைப்பு கெட்டால் அந்தப் பழி என் தலையில் விழுமே என்றுதான் ஒவ்வொரு போனிலும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். எப்படிய்யா கீறே, சாப்ட்டியா, குளிர் ஜாஸ்தியா என்று எல்லாம் கேட்டிருக்கிறேன். அதை மட்டும் சொல்லவில்லை. நான் வா என்று சொல்வேனா என்று அவர் அங்கே காத்திருந்தார். அவர் வருகிறேன் என்று சொல்வாரா என்று நான் இங்கே காத்திருந்தேன். யார் முதலில் ஒத்துக்கொள்வது என்பதில் என் முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தேழு வரைக்கும் போய்விட்டது.

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "போன புதுசுலயே, மொத வருசத்துலயே, வாய்யான்னு நான் சொல்லியிருந்தா?"

அவர் ஊசியைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"மொத மாசமே வந்திருப்பேன்மே."

தெரு பார்க்கிறதே என்ற நினைப்பெல்லாம் எனக்கு வரவில்லை. அவர் மடியில் கிடந்த வலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அந்த ஆறு வருடத்துக்கும் சேர்த்து வாய்விட்டு அழுதேன்.